தரம் ஆறுக்கு ஒரு வசனம்

உறவுகள், பாலியல் கல்வி பற்றி ஒவ்வொரு பாடசாலையும் தனக்கென ஒரு கொள்கை எழுதி அனுப்ப வேண்டும் என்று கடிதம் வந்த அன்று, கரவெட்டியிலுள்ள அந்தப் பாடசாலையில் ஒன்பது ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் வந்தது. மிச்சமிருந்த கணித ஆசிரியருக்குக் காது கேட்காமல் போய்விட்டது. ஆகவே எழுதும் வேலை, சுகாதாரம் படிப்பிக்கும் குணலட்சுமி ரீச்சரின் தலையில் விழுந்தது.

ரீச்சருக்கு ஐம்பத்துமூன்று வயது, கலியாணம் கட்டவில்லை. "உவவுக்கு உதுகளைப் பற்றி என்ன தெரியும்?" என்று அலுமாரிக்குப் பின்னால் குசுகுசுத்தது பருத்தித்துறைக் கடலில் வலை இழுத்தவர்களுக்கே கேட்டிருக்கும். ரீச்சருக்குக் கேட்காமலா இருக்கும்? மூன்று கிழமை இருந்து ஆறு பக்கம் எழுதினார். வாசித்துக் காட்ட வீட்டில் ஆளில்லை. சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, தனக்குத் தானே உரத்து வாசித்துத் திருத்தினார்.

கூட்டத்தில் முதல் ஐந்து பக்கமும் வழுக்கிக்கொண்டு போயின. மரியாதை, நட்பு, பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஆறாம் பக்கத்தில் ஒரு வசனம் மாட்டிக்கொண்டது: "பூப்படைதல் பற்றித் தரம் ஆறிலேயே வகுப்பில் படிப்பிக்கப்படும்."

"உந்த வசனத்தை வெட்டுங்கோ ரீச்சர்," என்றார் பெற்றார் பிரதிநிதி தம்பிராசா.

போன மாதம்தான் தன் மகள் வினோஜா பெரியபிள்ளையானதற்கு ஊரழைத்துச் சாமத்தியச் சடங்கு செய்தவர் அவர். நெல்லியடிச் சந்தியில் மகளின் படம் போட்டுக் கட்டிய பனரின் நிழலில் மூன்று மினிபஸ் நின்று ஆள் ஏற்றின. பறக்கும் கமெராவைக் கண்டு ஊர்க் காகமெல்லாம் ஒரு கிழமை வெளிநாடு போயிருந்தன.

"அண்ணை, உங்கடை பனரிலையும் இதுதானே எழுதியிருந்தது?"

"அது சடங்கு, ரீச்சர். சொந்தபந்தம் அறியவேணும். இது வகுப்பு. பெடியளும் இருப்பாங்கள்."

"பனரைப் பெடியள் பார்க்கேல்லையோ?"

சிரிப்பைத் தேத்தண்ணீரோடு விழுங்கிய யாருக்கோ புரையேறியது.

"பகிடியை விடுங்கோ. என்ரை பிள்ளைக்கு ஒருத்தரும் முன்கூட்டிப் படிப்பிக்கேல்லை. அவள் பயந்தவளோ? சிரிச்சுக்கொண்டெல்லோ வந்து தாயிட்டைச் சொன்னவள். பயந்த பிள்ளை ஒண்டைக் காட்டுங்கோ, நான் வாயை மூடுறன்."

ரீச்சருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். பாடசாலைக் கழிவறையில் மூன்று மணித்தியாலம் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த பிள்ளை. "நான் சாகப்போறனோ ரீச்சர்?" என்று கேட்ட பிள்ளை. பயத்தைத் துடைத்து, சிரிக்கப் பழக்கி வீட்டுக்கு அனுப்பியதே ரீச்சர்தான். "நான் அழுததை அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ," என்று வினோஜா கையைப் பிடித்திருந்தாள்.

ஒரு பெயரைச் சொன்னால் போதும், வசனம் வென்றுவிடும். எல்லோரும் ரீச்சரின் வாயையே பார்த்தார்கள்.

"காட்ட ஏலாது அண்ணை," என்றார் ரீச்சர். "ஆனால் வசனத்தை வெட்டவும் மாட்டன்."

அதிபர் சோமசேகரம் சமாதானம் செய்வதில் ஐக்கிய நாடுகள் சபையையே தோற்கடிப்பவர். வசனத்துக்குக் கீழே இன்னொரு வரி எழுதினார்: "இதற்குரிய முழுப் பொறுப்பும் படிப்பிக்கும் ஆசிரியரையே சாரும்."

"வேறை ஆரும் சேர்ந்து கையெழுத்து வைக்கிறியளோ?" என்று சுற்றிப் பார்த்தார்.

அந்த அறையில் அத்தனை கைக்கடிகாரங்கள் இருந்தது அன்றுதான் தெரிந்தது. ரீச்சர் தனியே கையெழுத்து வைத்தார்.

அடுத்த கிழமை தரம் ஆறில் முதல் பாடம். பக்கத்து வகுப்பின் யன்னல்கள் நல்ல வெயிலிலும் சாத்திக்கொண்டன. பெடியள் கூரை ஓடுகளை எண்ணினார்கள். பெண்பிள்ளைகள் ஒன்றையும் விடாமல் எழுதினார்கள். வினோஜா மட்டும் கொப்பியை விட்டு நிமிரவேயில்லை. நிமிர்ந்து ரீச்சரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தால், ஏன் சிரித்தாய் என்று பக்கத்தில் இருப்பவள் கேட்பாள்.

அது ரீச்சருக்கு விளங்கியது. அவரும் அந்தப் பக்கம் பார்க்காமலே படிப்பித்து முடித்தார்.

கேள்விகளுக்கென்று பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மணி அடிக்கும்வரை, பதினைந்து நிமிடமும், அவர் கரும்பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.