அறுந்த வரிகள்

ஒசாகா ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் புத்தாண்டுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். மிசுசு மட்டும் நுண்ணோக்கி முன் உட்கார்ந்திருந்தாள். தட்டில் வளர்த்த இதயத் தசைச் செல்களுக்குள் சீராக ஓடவேண்டிய வரிகள், புற்றுநோய் மருந்து விட்ட தட்டில் அங்கங்கே அறுந்து சிதறிக் கிடந்தன. மாட்சுவேயில் இருக்கும் அக்கா கயோவுக்கு ஏற்றுவதும் அதே மருந்துதான். தட்டும் மனுஷியும் ஒன்றல்ல என்று தெரிந்தும் மனசு கேட்காமல் போன் செய்தாள்.

"அக்கா, மூச்சு வாங்குதா?"

"மாடி ஏறினா லேசா வாங்கும். ஏண்டி, நல்ல நாளும் அதுவுமா மோச்சிக் கொழுக்கட்டை தின்னாம உன் தட்டுல என்னைத் தேடுறியா?"

"டாக்டர்கிட்ட சொல்லுக்கா. இதயத்தை ஒரு தடவை ஸ்கேன் பண்ணச் சொல்லு."

விடுமுறை முடிந்ததும் கயோ முனகிக்கொண்டே டாக்டரிடம் போனாள். இதயம் தளர்ந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. டாக்டர் அந்த மருந்தை நிறுத்திவிட்டு வேறு ஒன்றுக்கு மாற்றினார்.

"கட்டி கரைஞ்சதே அந்த மருந்துலதான். அதையும் பிடுங்கிட்டியே!" என்று சொல்லிவிட்டுக் கயோ போனை வைத்தாள்.

அதற்கப்புறம் அவள் கூப்பிடவே இல்லை. மிசுசு கூப்பிட்டால் அக்காவின் கணவர்தான் எடுத்து, "தூங்குறாம்மா" என்பார். செய்தது சரி என்று மிசுசுவுக்குத் தெரியும். ஆனாலும் தினமும் போனைக் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவாள்.