மருந்து வழிந்த கை

திராட்சைத் தோட்டத்தில் வேலை என்றால் கையைத் தூக்கியபடி நிற்பதுதான் வேலை. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், பந்தலிலிருந்து பனி சொட்டச் சொட்ட, அனிதா மேரி ஒரு கையால் இலையை விலக்கி, மறு கையிலிருந்த பிளாஸ்டிக் மக்கை உயர்த்தி, தொங்கும் பிஞ்சுக் குலையை அதிலிருந்த காய் பெருக்கும் மருந்தில் முக்கி எடுத்தாள். குலையில் ஒட்டியது போக மிச்சம் மணிக்கட்டில் இறங்கி, முழங்கையைத் தொட்டு, அக்குள்வரை ஓடியது. புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். அது நனைந்ததும் அரிப்பு தொடங்கிவிட்டது.

அரிப்பு என்று சொன்னால் கேட்பவருக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். காலொடிந்தால் நாலு பேர் வந்து பார்ப்பார்கள்; அரிப்புக்கு யார் வருவார்கள்? வருஷக்கணக்கில் அவள் நன்றாகத் தூங்கியதில்லை. தேனிக்குத் தோல் டாக்டரிடம் போனால் அன்றைய கூலி போச்சு. பஸ்ஸுக்கு, ஃபீஸுக்கு, களிம்புக்கு, அந்தத் தனிச் சோப்புக்கு என்று கையிலிருந்ததும் போச்சு. "முழுசாப் போகாதும்மா, கட்டுக்குள்ள வச்சிருக்கலாம். மருந்துத் தண்ணி மட்டும் மேல படக் கூடாது" என்றார் டாக்டர். மருந்துத் தண்ணி படாமல் அவருக்கு ஃபீஸ் எப்படிக் கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை.

தோலுக்கென்று தனியாக ஒரு குடும்பம் நடத்துவது போலிருந்தது. மகள் ஏஞ்சலின் காலேஜுக்காகக் கட்டிவந்த சீட்டையும் பாதியிலேயே தள்ளி எடுத்துக் களிம்பாகப் பூசியாகிவிட்டது. "அடுத்த வருஷம் சேந்துக்கிறேம்மா" என்று மகள் சொன்ன அன்று, இந்தத் தோலை உரித்துப் போட்டுவிடலாமா என்று வந்தது அவளுக்கு.

இன்னொரு வேதனை சங்கிலியம்மாள். பக்கத்து வரிசைக்காரி, ஒரே தூக்குவாளியில் கஞ்சி குடித்துப் பழகியவள். கொஞ்ச நாளாகத் தள்ளிப் போய்த் தனியாகச் சாப்பிடுகிறாள். ஒட்டிக்கொள்ளும் என்று பயம் போலும். மேரி கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது.

வெயில் ஏறியபோது தாங்க மாட்டாமல் சட்டைக்கு மேலேயே சொறிந்தாள். தோல் கிழிந்து துணியில் ரத்தம் கசிந்தது. வரப்பில் வந்துகொண்டிருந்த முதலாளி சுந்தரலிங்கம் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, என்ன கையில?"

"அரிப்பு மொதலாளி. மருந்து பட்டுப் பட்டு..."

"யாவாரி வர்ற நேரம். இதப் பாத்தா குலையத் தொடுவானா? மக்கக் கீழ வச்சிட்டு வீட்டுக்குப் போ. நாளைக்கு வர வேணாம்."

"வேலையில்லேன்னா களிம்புக்கு எங்கன போவேன்? இங்கன வந்த பெறகுதான் இது வந்துச்சு. ஒரு க்ளவுஸாச்சும் வாங்கித் தந்தா..."

"இத்தன பொம்பளைக நிக்கிறாக. அவுகளுக்கு வராதது ஒனக்கு மட்டும் எப்படி வரும்? ஒன் ஒடம்பு வாகு அது. அதுக்கு நான் தண்டம் அழணுமா?"

மேரிக்கே அந்தச் சந்தேகம் உண்டு. தன் ரத்தம்தான் கெட்டதோ என்று மாதா கோயிலில் எத்தனையோ முறை அழுதிருக்கிறாள். மக்கைக் கீழே வைத்தாள்.

பக்கத்து வரிசையில் இன்னொரு மக்கும் தரையில் இறங்கியது. சங்கிலியம்மாள் சட்டைக் கையை மேலே மடக்கிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் தடித்துக் கறுத்த தோல், அதன்மேல் நகக் கீறல்கள்.

"எனக்கும் வந்திருக்கு மொதலாளி. சொன்னா நிப்பாட்டிருவீகன்னு மூடிக்கிட்டுத் திரிஞ்சேன்." மேரியைப் பார்த்தாள். "களிம்பு வாட ஒனக்குத் தெரிஞ்சிரும்னுதான் தள்ளி ஒக்காந்தேன்த்தா."

அடுத்த வரிசையிலிருந்து அமுதா வந்து தன் கையையும் காட்டினாள். ஒவ்வொருத்தியும் தன் தலையெழுத்து என்றுதான் சட்டைக்குள் மறைத்து வைத்திருந்தாள். விடிந்ததிலிருந்து தூக்கியே நின்ற கைகளெல்லாம் பந்தலுக்கடியில் கீழே இறங்கின.

"இன்னைக்கு முக்கலேன்னா காய் பெருக்காது. தெரியும்ல?" என்றார் சுந்தரலிங்கம்.

"தெரியும். அதான் இன்னைக்கே கேக்குறோம்" என்றாள் சங்கிலியம்மாள். "மேரிய நிப்பாட்டக் கூடாது. எல்லாருக்கும் க்ளவுஸ் வேணும். வைத்தியச் செலவு தோட்டத்து மேல."

"ஆளா இல்ல? உத்தமபாளையத்துக்கு ஒரு வண்டி அனுப்பினா ஓடி வருவாக."

"வரட்டும். அவுக கையையும் பாப்போம்."

அவர் போனைக் காதில் வைத்தபடி போனார். பெண்கள் வரப்பில் உட்கார்ந்தார்கள். நாளைக்கு வேலை உண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. மேரியின் கை எரிந்துகொண்டேயிருந்தது. சங்கிலியம்மாள் மடியிலிருந்து அடிவரை சுருட்டிய ட்யூபை எடுத்து அழுத்தினாள். வந்த துளிக் களிம்பை மேரியின் கையில் தடவினாள். பிறகு மேரியின் தூக்குவாளியைத் திறந்து கஞ்சியை ஒரு வாய் குடித்தாள்.

ரோட்டில் வண்டிச் சத்தம் கேட்டது. மேரிதான் முதலில் எழுந்தாள். வருகிறவர்களிடம் காட்டுவதற்காகச் சட்டைக் கையைத் தோள்வரை மடக்கிக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் மடக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.