வலது பக்கக் குழாய்

அப்பா போய் ஒரு வருஷம் ஆனதும் வீட்டை விற்றுவிடலாம் என்று அண்ணனும் தங்கையும் முடிவு செய்தார்கள். அதில் ஒரு சண்டையும் இல்லை. குளியலறையில்தான் சண்டை வந்தது.

அண்ணனுக்குச் சின்ன வயசிலிருந்தே கணக்குப்புலி என்று பட்டப்பெயர். பென்சில் வாங்கினால்கூட எத்தனை பக்கத்துக்கு வரும் என்று கடைக்காரரைக் கேட்கிற ஆள். வீடு பார்க்க முதலில் வந்தவர் நல்ல விலைதான் சொன்னார். ஆனால் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பிதுக்கல் புலியின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

"குளியலறையைப் புதுசு பண்ணினா போட்டதுக்கு ரெண்டு மடங்கா திரும்பி வரும். நான் விசாரிச்சுட்டேன்."

"வாங்கறவங்க அவங்க இஷ்டத்துக்கு மாத்திப்பாங்க அண்ணா. வந்த விலைக்குக் கொடுத்துடலாமே."

அவளுக்கு அவசரம். வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தாள். சொன்ன தேதிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அப்பாவைக் கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டவள், தனக்கென்று ஒரு துரும்பும் சேர்க்கவில்லை. அண்ணனுக்கும் இது தெரியும். "உனக்குக் கொஞ்சம் கூட வரட்டும்னுதானே சொல்றேன்" என்று அவளைக் காரணம் காட்டியே வேலையைத் தொடங்கினான். முதலில் வந்தவர் காத்திருப்பாரா? வேறு வீடு பார்த்துக்கொண்டார்.

அந்தக் குளியலறை அப்பா கையால் கட்டியது. பேருந்து ஓட்டுநரான அவர், லீவு நாட்களில் பனியனோடு உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டினார். மூன்று கடைகளில் மிச்சம் கிடந்ததை மலிவாக வாங்கி வந்ததால் ஒரு சுவர் நீலம், ஒரு சுவர் பச்சை, கதவோரம் ரோஜாப் பூ. குழாயும் அவரே போட்டார். எல்லார் வீட்டிலும் சுடுதண்ணீர் இடது பக்கம் வரும், இவர்கள் வீட்டில் வலது பக்கம் வந்தது.

அம்மா கேட்டபோது அப்பா அசரவில்லை. "குளிருறப்போ எந்தக் கை முதல்ல குழாய்க்குப் போகும்? வலது கைதானே? யோசிச்சுத்தான் போட்டேன்." விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனுஷன். ஆனால் விருந்தாளி யார் குளிக்கப் போனாலும் பின்னாலேயே போய்க் கதவைத் தட்டுவார். "சுடுதண்ணி வலது பக்கம்!" உள்ளேயிருந்து ஓர் அலறல் வந்தால் தாமதமாகத் தட்டியிருக்கிறார் என்று அர்த்தம். பிள்ளைகள் இரண்டு பேரும் கூடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

கணக்குப்புலி படிக்கப் போன விடுதியில் ஒரு வாரம் முழுக்கப் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு, இங்கே சுடுதண்ணீரே கிடையாது என்று வீட்டுக்குப் போன் பண்ணினான். அப்பா முதலில் அம்மா பக்கத்தில் இல்லையே என்று பார்த்துக்கொண்டார். பிறகு, "இடது பக்கம் திருகிப் பாருடா" என்றார். அவர் தன் தப்பை ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

கடைசி நாட்களில் பெற்ற பிள்ளைகளின் பெயரே அவருக்கு மறந்துபோனது. ஆனால் தங்கை கையைப் பிடித்துக் குளிக்கக் கூட்டிப்போனால், "வலது பக்கம்மா, பாத்து" என்பாராம். இதை அவள் சொன்னபோது அண்ணன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலைக்கு வந்த பிளம்பர், "குழாய் இடம் மாறி இருக்கே சார், சரி பண்ணிடவா?" என்று கேட்டார்.

"முதல்ல அதைப் பண்ணுங்க" என்றான் புலி.

எல்லாம் முடிந்தது. நான்கு சுவரும் ஒரே சாம்பல் நிறத்தில் பளபளத்தன. தேதி நெருங்க நெருங்கத் தங்கையின் முகம் சுண்டிப்போனது. ஒருவழியாகத் தரகர் ஒரு தம்பதியைக் கூட்டி வந்தார். மனைவி தையல்கடை நடத்துகிறவள். எதையும் திருப்பிப் போட்டு உள்தையல் பார்க்கிற கண்.

"வீடு பூரா பழசு, இது மட்டும் புதுசு" என்றார் கணவர். "ஒழுகல் ஏதாவது இருந்து மூடி வெச்சிருக்கீங்களா?"

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "வாங்க, சுடுதண்ணி எப்படி வருதுன்னு பாருங்க" என்று குழாயைத் திருகிக் கையை நீட்டினான். ஜில்லென்று வந்தது. "கொஞ்ச நேரம் ஆகும்" என்றான். ஆனது. மறுபடியும் ஜில்.

தரகர் கூரையைப் பார்த்தார். கணவர் மனைவியைப் பார்த்தார். தங்கை பதறி ஓடிவந்து அதே குழாயை இன்னும் அழுத்தித் திருகினாள். அண்ணனும் தங்கையும் ஒரே குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள்.

தையல்காரம்மா நடுவில் கையை விட்டு இடது குழாயைத் திறந்தாள். ஆவி பறந்தது.

"ஏங்க, உங்க வீட்டுக் குழாய் உங்களுக்கே தெரியாதா?"

அண்ணன் வாயைத் திறந்தான். "எங்க அப்பா..." என்று சிரிப்போடுதான் ஆரம்பித்தான். கதவைத் தட்டுகிற இடத்துக்கு மேல் கதை நகரவில்லை. அப்பா போன அன்றைக்குக்கூட வாடகை நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தவன், முன்பின் தெரியாத மூன்று பேருக்கு முன்னால், தண்ணீரை மூடக்கூடத் தோன்றாமல் அழுதான். மிச்சக் கதையைத் தங்கை சொன்னாள்.

தையல்காரம்மா குழாயை மூடினாள். "ஏமாத்தறவங்களா இருந்தா ஒழுங்காத் திறந்து காட்டியிருப்பாங்க" என்றாள் கணவரிடம். பிறகு இவர்களிடம் திரும்பினாள். "நாங்க எடுத்துக்கறோம். ஆனா குளியலறைக்குன்னு தனியா ஒண்ணும் தர மாட்டோம். எனக்கு இந்தக் கலர் பிடிக்கலை, மாத்திடுவேன்."

அவர்கள் சொன்ன விலை முதலில் வந்தவர் சொன்ன அதே விலை. போட்ட பணம் தண்ணீரோடு போனது. ஆனால் தங்கைக்கு ஃபிளாட் தப்பியது. போன பணத்தை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை.

குளிர்காலத்தில் ஒரு நாள் அண்ணன் அவள் ஃபிளாட்டுக்குப் பெட்டியோடு வந்தான். பயணக் களைப்பு. துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனவன், இத்தனை பட்ட பிறகும் பழக்கதோஷத்தில் வலது குழாயைத் திருகினான். கை சுட்டது.

வெளியே கதவு தட்டும் சத்தம் கேட்டது.

அவன் கையை உதறிக்கொண்டே குழாயை மூடினான். பிறகு குரலைச் சரிபண்ணிக்கொண்டு, "இப்படி மாத்தி வெச்சா நாளைக்கு விக்கறப்போ விலை குறையும்" என்றான்.

"குறையட்டும்" என்றாள் தங்கை. "நீ குளிச்சுட்டு வா அண்ணா."