சாவி வந்த பிறகு கல்யாணம்

வில்ஃப் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. செத்துப்போனவன் மேல் என்ன கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கிலாந்தில் பிரிட்லிங்டன் என்ற ஊரில் அவன் ஒரு வாடகை வீட்டில் இருந்தான், நான் ஒரு வாடகை வீட்டில். இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. என் முதல் கணவர் விட்டுப்போன சின்ன வீடு ஒன்று பிரான்சில் இருக்கிறது. கோடையில் இரண்டு வாரம் போய்க் கிடப்பேன், மற்ற நாளெல்லாம் எலிகளுக்குத்தான் அது. வில்ஃபுக்கு எந்த ஊரிலும் ஒரு செங்கல்கூடக் கிடையாது. சேர்த்த காசில் ஒரு வீடு வாங்கி, என்னைக் கட்டிக்கொண்டு, அதில் வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டான். மார்ச்சில் பதிவு அலுவலகத்தில் நாளும் குறித்தாயிற்று.

வீட்டுப் பத்திர வேலையைப் பார்த்த வக்கீலம்மாதான் கேட்டாள். "உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது வேற வீடு இருக்கா? வெளிநாட்டுல இருந்தாலும் சொல்லணும்."

பிரான்ஸ் வீட்டைச் சொன்னேன்.

"அப்போ கல்யாணம் ஆகிட்டா, அவர் வாங்குறதும் ரெண்டாவது வீடுன்னுதான் கணக்கு. பதினஞ்சாயிரம் பவுண்டு கூடுதல் வரி."

"ஆகலன்னா?" என்றான் வில்ஃப்.

"ஆகலன்னா அவங்க வீடு உங்க கணக்குல வராது. ஆனா உடனே ஒரு உயில் எழுதி வச்சிடுங்க."

"கல்யாணம் ஆனதும் அந்த உயில் செல்லாமப் போயிடுமே! ரெண்டு தடவை எதுக்குத் தண்டம் அழணும்?"

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "கட்டித் தொலைடா. வரியை நான் கட்டுறேன், பிரான்ஸ் வீட்டை வித்து."

"அதை வாங்க ஆள் வர்றதுக்குள்ள உனக்குப் புதுசாப் பல்லே முளைச்சிடும் நோரீன். சாவி கைக்கு வரட்டும், அடுத்த வாரமே கட்டிக்கலாம்."

சிரித்துவிட்டேன். அவனிடம் எப்படிக் கோபத்தைப் பிடித்து வைப்பது?

விற்கிறவர் தன் புது வீட்டுக்காகக் காத்திருந்தார். அந்த வீட்டுக்காரி வேறொரு வீட்டுக்காக. அந்த வரிசையில் எவனோ ஒருவனுக்குக் கடன் கிடைக்கவில்லை, எல்லாமே நின்றது. மார்ச் ஜூன் ஆயிற்று, ஜூன் செப்டம்பர் ஆயிற்று. கல்யாணமும் கூடவே நகர்ந்தது.

கடைசியில் சாவி வந்தது. சாமான்களை இறக்கினோம். சனிக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை காலை ரோஜாச் செடிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். நான் டீயோடு போனபோது உடம்பு சூடாகத்தான் இருந்தது, மூச்சு இல்லை.

உயில் இல்லை, மனைவி இல்லை, பிள்ளையும் இல்லை. எல்லாம் அவன் தம்பி டெஸ்மண்டுக்கு. அண்ணனும் தம்பியும் பேசி இருபது வருஷம் ஆகியிருக்கும்.

வந்தார். பாவம், தன்மையாகத்தான் பேசினார். "அவசரம் இல்லீங்க நோரீன். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணினாப் போதும்."

நான் விடவில்லை. "உங்களுக்கும் ஸ்பெயின்காரன் தீவு டெனரிஃப்ல ஃபிளாட் இருக்கே? அந்தக் கூடுதல் வரி உங்களுக்கும் வருமே?"

"கேட்டுட்டேன். காசு கொடுத்து வாங்கினாத்தான் அது. செத்தவங்ககிட்ட இருந்து வந்தா ஒரு பென்னி கிடையாதாம்."

அடப்பாவி வில்ஃப், யாருக்குடா மிச்சம் பிடித்தாய்?

சுடுகாட்டிலிருந்து வந்த சாம்பலும் டெஸ்மண்டின் காரில்தான் இருந்தது. கேட்க நாக்குக் கூசியது, ஆனாலும் கேட்டேன். "கொஞ்சம் எனக்குத் தருவீங்களா?"

அவர் யோசித்தார். "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்.

சரி, ரொம்ப நன்றி என்று சொல்லி வாசல்வரை போய் வழியனுப்பினேன்.