நெஞ்சுக்குள் ஓடும் லைன்

ஊரார் வீட்டு அடைப்புகளையெல்லாம் எடுத்துவிட்ட பிளம்பர், தன் வீட்டுக் கழிப்பறையைத் தானே அடைத்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றார்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, நிதானமாகத்தான் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார். மனைவி கதவைத் தட்டினாள். மிச்சமிருந்த அட்டைகளை அப்படியே உள்ளே போட்டு ஃப்ளஷை அழுத்திவிட்டார். கண்டதையும் இதில் போடாதீர்கள் என்று வாடிக்கையாளர்களிடம் வாய் வலிக்கச் சொல்கிற ஆள். தண்ணீர் கீழே இறங்காமல் மேலே ஏறி, விளிம்பு தாண்டி, கதவுக்கடியில் புகுந்து மனைவியின் காலை நனைத்தது.

"உள்ள என்னங்க நடக்குது?"

"வேலை நடக்குது!"

நுனியில் கொக்கி வைத்த ஸ்பிரிங் கம்பியை அவரே கொண்டுவந்து, அவரே உள்ளே விட்டுச் சுற்றினார். அட்டைகள் பளபளவென்று வெளியே வந்தன. மனைவி இடுப்பில் கைவைத்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

"மாத்திரை போட எந்த மனுஷன் டம்ளரோட பாத்ரூமுக்குப் போவான்னு அன்னைக்கே நெனச்சேன். சாகணும்னா என்கிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க. என்னையும் டாக்டரையும் சேத்து ஏன் ஏமாத்துறீங்க?"

"யாருடி ஏமாத்துறது? பைபாஸ் பண்ணாங்க, தையல் ஆறிடுச்சு, நான் வேலைக்கும் போயிட்டேன். இன்னும் எதுக்கு மாத்திரை? விரல்ல லேசா கீறினா ரத்தம் நிக்கமாட்டேங்குது. அந்த மாடி வீட்டம்மா வெள்ளை வாஷ்பேசின்ல என் ரத்தத்தைப் பாத்துட்டு, கொலை நடந்துபோச்சுன்னு தெருவையே கூட்டிட்டா. எதுக்கு, எவ்வளவு நாளைக்குன்னு ஒருத்தன் வாயைத் திறக்கறானா?"

அவர் கேட்காமல் இல்லை. மருந்துக்கடைக்காரர் டாக்டரைக் கேட்கச் சொன்னார். டாக்டர், "பாத்துக்கலாம்" என்றார். மகன், "சொன்னதைச் செய்யுங்கப்பா" என்று போனை வைத்துவிட்டான். ஒழுகும் குழாயைக் காட்டி என்ன கோளாறு என்று கேட்பவரிடம் 'பாத்துக்கலாம்' என்று சொல்லிவிட்டு இவர் கிளம்பினால், செருப்பு பின்னாலேயே பறந்து வரும்.

ஈரக் காலோடு மனைவி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் நடந்ததைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். பிறகு மனைவியைப் பார்த்து, "நீங்களே பக்கத்துல நின்னு முழுங்க வைங்கம்மா. இவங்கள்லாம் இப்படித்தான்" என்றார்.

பிளம்பர் மேஜையில் ஓங்கி அறைந்தார். அங்கிருந்த பிளாஸ்டிக் இதயம் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி உருண்டு கீழே விழுந்தது.

"பிளந்தது என் நெஞ்சு சார்! பதில் மட்டும் அவளுக்கா? நான் என்ன பால்குடிக்கிற புள்ளையா? ஒரு வீட்ல பைப் மாத்தினா எங்க போகுது, எதைத் திறக்கக் கூடாதுன்னு வீட்டுக்காரன்கிட்ட சொல்லிட்டுத்தான் வெளிய வருவேன். இந்த வீட்டுக்காரன் நான் சார்!"

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை. அவளும் டாக்டரையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிளம்பருக்கு அதில் சற்றே தைரியம் வந்தது. குனிந்து அந்தப் பாதி இதயத்தை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. தலைகீழாக வைத்திருந்தார்.

டாக்டர் அதை வாங்கிச் சரியாக மாட்டினார். பிறகு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"உங்க நெஞ்சுல போட்டது புதுக் குழாய் இல்ல. உங்க கால்ல இருந்து எடுத்த ரத்தக்குழாய். அங்க ரத்தம் மெதுவா ஓடும். இங்க இதயம் அடிக்கிற வேகத்தை அது தாங்கணும்."

"வடிகால் பைப்பை எடுத்து மோட்டார் லைன்ல போட்டிருக்கீங்க."

"அதேதான். ஒரு மாத்திரை அதுக்குள்ள ரத்தம் கட்டிக்காம காக்கும். இன்னொண்ணு கொழுப்பு படியாம காக்கும். பழைய லைனை அடைச்ச அதே ரத்தம்தான் இதுலயும் ஓடுது. வேலைல கை கீறினா அழுத்திப் பிடிங்க, நிக்கும். நிக்கலைன்னா என்கிட்ட வாங்க. நீங்களா நிறுத்தக் கூடாது."

பிளம்பரின் குரல் இறங்கியது. "எவ்வளவு நாளைக்கு சார்?"

டாக்டர் மனைவியைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தார்.

"இந்த ரெண்டும் உயிர் இருக்கற வரைக்கும். நிறுத்தினா அடைச்சுக்கும். மறுபடி அறுக்கற நெலமை வந்தா, நீங்க பொழைப்பீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்."