நாற்பத்தொரு பல்லி

அச்சகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பேர். ஒரு பிழைகூட அவளைத் தாண்டிப் போகாது என்பதால் முதலாளி வைத்த பேர். பாராட்டி வைத்தாரா, கடுப்பில் வைத்தாரா என்று கேட்டால் அவருக்கே இப்போது நினைவில்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் சித்தப்பா பேரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஓடுகிற மெஷினை நிறுத்தச் சொல்கிற ஆள் அவள். "ஒரு புள்ளிதானேம்மா" என்று முதலாளி கெஞ்சுவார். "புள்ளி இல்லன்னா அவர் வேற ஆளு சார்" என்பாள். அதற்கு மேல் அவளோடு யார் மல்லுக்கு நிற்பது?

அன்றைக்குக் காலையில் கன்னியர் மடத்து மதர் ஒரு துணிப்பை நிறையக் கடிதங்களோடு வந்தார். மடத்தில் பதினைந்து நாளுக்கு முன்பு ஒரு வயதான சிஸ்டர் இறந்திருந்தார். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். முப்பதாம் நாள் பூசையன்று அவருக்கு ஒரு நினைவுப் புத்தகம் போட வேண்டும். பழைய மாணவர்கள் அறுபத்திரண்டு பேர் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

"பிழையெல்லாம் நீயே பார்த்துடும்மா" என்ற மதர், முதலாளி காதில் விழாதபடி குரலை இறக்கினார். "நான் மேலோட்டமாத்தான் புரட்டினேன். எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி ஒரே தப்பைப் பண்ணியிருக்காங்க. 'பள்ளி சிஸ்டர்'னு எழுதத் தெரியாம 'பல்லி சிஸ்டர்', 'பல்லி சிஸ்டர்'னு எழுதி வச்சிருக்காங்க. ஒரு டாக்டர்கூட! அதை மட்டும் ஒண்ணு விடாம மாத்திடு."

சல்லடை வாயைப் பொத்திக்கொண்டாள். மதர் இந்த மடத்துக்கு வந்தே மூன்று வருடம்தான். அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

"மதர், அது தப்பில்ல. அவங்க பட்டப்பேரே அதுதான். நானும் அவங்ககிட்ட படிச்சவதான்."

"என்னது, பல்லியா?" மதரின் கண்கள் கண்ணாடிக்கு வெளியே வந்துவிடும் போலிருந்தன. "ஒரு கன்னியாஸ்திரியப் போயி பல்லின்னா கூப்பிட்டீங்க? எதுக்கு?"

"அது பெரிய கதை மதர்."

"என்ன கதையா இருந்தாலும் சரி, இது ஆயர் கைக்குப் போற புத்தகம். மாத்திடு."

"மாத்திடறேன்" என்றாள். மனதார‌த்தான் சொன்னாள். அந்தப் பேர் வந்த கதை அவளைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். அது சிஸ்டர் செய்த ஒரு தப்பு. செத்துப்போனவரின் தப்பை எதற்குப் புத்தகம் போட்டு ஊருக்குச் சொல்ல வேண்டும்?

கதை இதுதான். அவள் நாலாம் வகுப்பு படிக்கும்போது 'எங்கள் பள்ளி' என்று ஒரு கட்டுரை. மறுநாள் நோட்டைத் திருப்பிக் கொடுக்கிறபோது பக்கத்து பெஞ்சுக்காரி வெடுக்கென்று பிடுங்கி, எழுந்து நின்று சத்தமாக வாசித்துவிட்டாள். "எங்கள் பல்லி மிகவும் பெரியது. எங்கள் பல்லிக்கு எட்டு ஜன்னல்கள் உண்டு. எங்கள் பல்லிக்குப் போன வருடம்தான் வெள்ளை அடித்தார்கள். எங்கள் பல்லிக்குள் நானூறு பேர் இருக்கிறோம்." வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. "பல்லி! ஏய் பல்லி!" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி தொடங்கினாள். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இவள் நின்றாள்.

சிஸ்டர் மேஜையைத் தட்டினார். "அவளைப் பாத்து யாரும் சிரிக்காதீங்க. போர்டுல நான்தான் தப்பா எழுதிட்டேன். அவ அதைப் பாத்து எழுதியிருக்கா. சிரிக்கணும்னா என்னைப் பாத்துச் சிரிங்க."

சிரித்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? மறுநாளே அவர் 'பல்லி சிஸ்டர்' ஆகிவிட்டார். அடுத்தடுத்து வந்த வகுப்புகளுக்குக் காரணம் தெரியாது, பேர் மட்டும் தெரியும்.

இவள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். தபால் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். எழுத்து சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு. நேராகப் பள்ளிக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். அவர் அங்கே என்ன பேசினார் என்று அவளுக்குத் தெரியாது. அதன் பிறகு தமிழ் வகுப்புக்கு வேறு டீச்சர் வந்தார் என்பது மட்டும் தெரியும்.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு மருந்துக்கடை வாசலில் சிஸ்டரைப் பார்த்தாள். கூன் விழுந்துவிட்டிருந்தது. ஆனாலும் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டு, "இப்ப என்ன வேலை பாக்கிற?" என்று கேட்டார்.

"பிரஸ்ல பிழை திருத்தறேன் சிஸ்டர்" என்று பெருமையாகச் சொன்னவள், உரிமையோடு கொஞ்சம் சீண்டவும் செய்தாள். "நீங்க அன்னிக்கு போர்டுல 'பல்லி'ன்னு எழுதினீங்கல்ல, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எழுதினது யாரா இருந்தாலும் நம்பக் கூடாது, நாமளே பாத்துடணும்னு."

சிஸ்டர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை. கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். மருந்து வாங்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "எதுக்கு சிஸ்டர் சிரிக்கிறீங்க?" என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அது அவர் வாயில் எப்போதும் இருக்கிற சொல். மை கொட்டினாலும் 'இருக்கட்டும்', கொடுத்த மிட்டாயைத் திருப்பி நீட்டினாலும் 'இருக்கட்டும்'.

இவளுக்குச் சுருக்கென்றது. அப்படி என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? இவளெல்லாம் பிழை திருத்துகிறாளா என்ற இளப்பமா? ரோஷக்காரி, அதன் பிறகு மடத்துப் பக்கமே போகவில்லை. சிஸ்டர் படுக்கையில் விழுந்தார் என்று கேள்விப்பட்டும் போகவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் என்ன என்ற கேள்வி மட்டும் பல்லில் மாட்டிய நார் மாதிரி பன்னிரண்டு வருடமாக இருந்துகொண்டே இருந்தது.

கடிதங்களையெல்லாம் டைப் அடித்து, நாலு நாளில் தாள்கள் அவள் மேஜைக்கு வந்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு 'பல்லி'யையும் அடித்து 'பள்ளி' ஆக்கிக்கொண்டே போனாள்.

போகப் போக ஆர்வம் தாங்கவில்லை. ஆளுக்கொரு காரணம் எழுதியிருந்தார்கள். சிஸ்டர் கோபம் வந்தால் 'ச்சு ச்சு' என்பாராம், அதனால் பல்லியாம். இது டாக்டர். சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்பாராம், அதனாலாம். இது ஒரு வக்கீல். வகுப்புக் கடிகாரத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லியை அடிக்க விடமாட்டார் என்று தையல்கடைக்காரி ஒருத்தி சத்தியம் செய்யாத குறையாக எழுதியிருந்தாள். 'அடப்பாவிகளா, எப்படியெல்லாம் கதை கட்டியிருக்கீங்க' என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள் சல்லடை.

வேறு விஷயங்களும் இருந்தன. ஒரு பஸ் டிரைவர் எழுதியிருந்தார்: கிளீனராக இருந்த காலத்தில் ஊர்ப் பலகை படிக்கத் தெரியாமல் அடி வாங்குவாராம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாலு கிளீனர்களை பஸ் நிலையத்து பெஞ்சில் உட்காரவைத்து, பஸ்களின் நெற்றியில் இருந்த பேர்களையே பாடமாக நடத்தினாராம் சிஸ்டர். பெரிய ஆஸ்பத்திரியில் எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிகளுக்குச் சனிக்கிழமைதோறும் கடிதம் எழுதிக் கொடுப்பார் என்று ஒருத்தி. தன் தலையில் பேன் என்று யாரும் பக்கத்தில் உட்காராதபோது, சிஸ்டர் தன் முக்காட்டை அவிழ்த்து, "என் தலையிலயும் இருக்கான்னு பாரு" என்று குனிந்து காட்டினார் என்று இன்னொருத்தி. இதெல்லாம் சல்லடைக்குத் தெரியாது. நாலாம் வகுப்போடு அவள் சிஸ்டரைத் தெரிந்துகொள்வதை நிறுத்திவிட்டிருந்தாள்.

மதர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி இடித்தது. 'நிர்வாகக் காரணங்களுக்காக இரண்டு ஆண்டுகள் தையல் வகுப்பு.' அதற்கு முன்னும் தமிழ், பின்னும் தமிழ். நடுவில் மட்டும் எதற்குத் தையல்? ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போனாள்.

ஐம்பத்தெட்டாவது கடிதம் ஒரு நர்ஸ் எழுதியது. அதற்குள் நாற்பத்தொரு பல்லிகளைத் திருத்தி முடித்திருந்தாள்.

'நாலாம் வகுப்பில் நான் லீடர். அந்த வருடம் சிஸ்டர் படியில் விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டார். முழங்கை வரை மாவுக்கட்டு. இரண்டு மாதம் அவருக்காகப் போர்டில் எழுதியது நான்தான். கட்டுரை நாளில் மட்டும் போர்டையே தொட மாட்டோம். தலைப்பை வாயால் சொல்வார், காதால் கேட்டு எழுத வேண்டும். அப்போது ஒரு பெண் பள்ளியைப் பல்லி என்று எழுதிவிட்டாள். எல்லோரும் அவளைக் கேலி செய்தபோது, போர்டில் தானே தப்பாக எழுதியதாகச் சிஸ்டர் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாவுக்கட்டுக் கையோடு எப்படி எழுதுவார்? வாயைத் திறக்கப்போனேன். என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினார். இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் யார் என்று இங்கேயும் எழுத மாட்டேன். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.'

சல்லடையின் கையிலிருந்து பேனா உருண்டு கீழே போனது. எடுக்கத் தோன்றவில்லை.

அந்த மாவுக்கட்டு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதில் நீல மையால் ஒரு பூ வரைந்தவளே அவள்தான். போர்டும் நினைவிருந்தது. வெள்ளைச் சாக்பீஸில் கொட்டை எழுத்தில் 'பல்லி'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் முப்பத்திரண்டு வருடமாகத் தோன்றவில்லை. சிஸ்டர் சொன்ன பொய்யைக் கேட்டு, அந்தப் போர்டை அவளே மனதில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாள். ஊரார் பிழையையெல்லாம் பிடித்த மகராசி!

அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, நாலாம் கிளாஸ்ல நீங்க ஸ்கூலுக்கு வந்து சண்டை போட்டீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? தமிழ் தெரியாதவங்க தமிழ் நடத்தக் கூடாதுன்னு எழுதியே குடுத்துட்டு வந்தேன்ல? அதுக்கப்புறம்தானே அவங்களத் தையலுக்கு மாத்தினாங்க." அந்தப் பெருமை இன்னும் ஆறவில்லை.

"சிஸ்டர் என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? 'ஆமா சார், போர்டுல தப்பா எழுதிட்டேன், மன்னிச்சிருங்க'ன்னாங்க. கும்பிடக்கூட முடியல, ஒரு கையத்தான் தூக்கினாங்க. இன்னொரு கையில கட்டு. பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா நான் விடலியே."

"எந்தக் கையில கட்டுப்பா?"

"வலது கையில..." என்று பாதியில் நிறுத்தினார். "ஏம்மா," என்றார், குரல் வேறு யாருடையதோ போலிருந்தது, "வலது கையில கட்டுப் போட்டுக்கிட்டு எப்படிம்மா போர்டுல..."

"அதேதாம்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அச்சுத் தொழிலில் ஒரு முறை உண்டு. திருத்தியதே தப்பு, முன்பு இருந்ததுதான் சரி என்று தெரிந்தால், அடித்த சொல்லின் அடியில் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டும். இத்தனை வருட வேலையில் சல்லடை அதை மூன்று முறையோ நாலு முறையோதான் எழுதியிருப்பாள். அன்றைக்கு உட்கார்ந்து நாற்பத்தொரு முறை எழுதினாள். இருக்கட்டும். இருக்கட்டும். இருக்கட்டும்.

மறுநாள் தாளைப் பார்க்க வந்த மதருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னம்மா இது? எல்லாப் பல்லியும் அப்படியே இருக்கு!"

சல்லடை நர்ஸின் கடிதத்தை எடுத்து நீட்டினாள். மதர் இரண்டு தடவை படித்தார்.

"அப்போ சிஸ்டர் பொய் சொன்னாங்களா?"

"ஆமா மதர். சாகிற வரைக்கும்."

மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு வருஷம் தையல் வகுப்புன்னு எழுதும்போது நானே யோசிச்சேன். அவங்களுக்குத் தைக்கவே தெரியாதும்மா. ஊசியில நூல் கோக்கக்கூட எங்ககிட்டதான் குடுப்பாங்க." மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு யாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும். பாவம், அவளுக்கு விஷயமே தெரியாதோ என்னவோ."

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நான்தான் மதர்" என்றாள். "எங்க அப்பாதான் அவங்க மேல புகார் எழுதிக் குடுத்தார். அவங்க படுத்திருந்தப்போ நான் வந்து பாக்கக்கூட இல்ல."

மதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. "புத்தகத்துல இன்னும் ஒரு பக்கம் இடம் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

மத்தியானமே எழுதிக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் மெஷின் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. கேட்ட ஐந்தாவது நிமிடம் நின்றது. முதலாளி ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு முகமெல்லாம் மலர ஓடிவந்தார். இருபது வருடமாக இந்த நாளுக்காகத்தானே காத்திருந்தார் மனுஷன்!

"சல்லடை! மாட்டினியா! நீ எழுதினதுலயே தப்பு, அதுவும் தலைப்புலயே! பாரு, 'எங்கள் பல்லி'ன்னு போட்டிருக்கே! முதல் வரியும் அப்படித்தான், 'எங்கள் பல்லி மிகவும் பெரியது'!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். இளப்பம் இல்லை, ஒன்றும் இல்லை. இப்படித்தான், இதே மாதிரிதான் அன்றைக்கு அவருக்கும் வந்திருக்கிறது.

"என்னம்மா, எதுக்குச் சிரிக்கிற? மெஷின் நிக்குது, மாத்தணுமா வேண்டாமா?" முதலாளி ஒன்றும் புரியாமல் விழித்தார்.

"இருக்கட்டும் சார்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இருக்கட்டும்."