ஐம்பத்தைந்து அங்குலம்

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, எல்லோரும் படிக்காமல் எறிந்துவிடுவது, அதைப் படிப்பதுதான் அவருடைய உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறார். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'காற்புள்ளி'. நிச்சயமான புதிதில் வருங்கால மனைவி எழுதிய கடிதத்தில் மூன்று ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பிய புண்ணியவான். அப்படியும் அவள் அவரைக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

அப்படிப்பட்டவர் வீட்டுக் கதவிடுக்கில்தான் ஒருநாள் விளம்பரத் தாள் ஒன்று செருகியிருந்தது. பழைய முப்பத்திரண்டு அங்குல டிவியைக் கொடுத்தால் ஐம்பத்தைந்து அங்குலப் புது டிவி. கூடவே முந்நூற்று நாற்பது சேனல். மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் போதும். மாதக் கடைசி வரைதான்.

"எடுத்துடலாங்க, அம்மாவும் ரொம்ப ஆசைப்படறாங்க" என்றாள் மனைவி. அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். அவளுடைய அம்மா அவர்களோடுதான் இருந்தார்.

காற்புள்ளி பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு தாளின் அடிப்பக்கத்துக்கு இறங்கினார். அரைமணி நேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார்.

"முப்பத்தாறு மாசம் கட்டணும். நடுவுல நிறுத்தினா மீதி மொத்தத்தையும் சேத்துக் கட்டணும். சுவத்துல மாட்டற சட்டம் தனி, மாட்ட வர்ற ஆளுக்குத் தனி. மேல போட்டிருக்கற படம் சித்தரிப்புக்கு மட்டுமாம். யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அழற கதை. அது போகட்டும், 'சலுகை'ய 'சலிகை'ன்னு போட்டிருக்கான் பாரு."

"அதனால என்ன?"

"எழுதவே தெரியாதவன் எப்படிக் குடுப்பான்?"

"நீங்க டிவி வாங்கறீங்களா, அவனுக்குப் பரீட்சை வைக்கறீங்களா?"

பேசி ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் அவர் ஒரு வழி சொன்னார். ஒரு நோட்டு. நேரம், ஆள், நிகழ்ச்சி, எத்தனை நிமிடம் என்று நாலு கட்டம். ஒரு வாரம் எல்லோரும் எழுத வேண்டும். உண்மையில் எவ்வளவு பார்க்கிறோம் என்று தெரிந்தால், அந்தச் சலிகை தேறுமா தேறாதா என்று தானாகத் தெரிந்துவிடும். நோட்டை டிவி மேசையில் வைத்து, பேனாவை நூலில் கட்டியும் விட்டார்.

நோட்டு வந்த நாளிலிருந்து வீடு மாறிவிட்டது. சும்மா சேனலைத் தள்ளிக்கொண்டிருப்பவர்கள்கூட விருந்தாளி வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மனைவி முதல் நாள் 'ஆழ்கடல் உயிரினங்கள், பதினோரு நிமிடம்' என்று எழுதிவிட்டு எழுந்துவிட்டாள். "நாள் முழுக்க வாயத் தொறந்தவங்களையே பாக்கறேன். இங்கயும் ஒரு மீன் வாயத் தொறந்துட்டு வருது."

மாமியார் கணக்குத்தான் எகிறியது. முதல் நாள் ஆறு மணி நேரம், அடுத்த நாள் எட்டு, நாலாம் நாள் பதினொன்று. 'அத்தைக்கு இவ்வளவு பொறுமையா' என்று காற்புள்ளிக்கே மலைப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள் அச்சகத்தில் இயந்திரம் மக்கர் செய்ய, மூன்று மணிக்கே வீடு திரும்பினார். டிவி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. மாமியார் சோபாவில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நோட்டில் இரவு ஒன்பதரை வரைக்கும் முன்கூட்டியே எழுதி முடித்திருந்தது. அவர் டிவியை அணைத்தார். அந்தக் கணமே மாமியார் கண் விழித்தார்.

"ஏன் மாப்பிள்ளை அணைச்சீங்க? பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"என்ன ஓடிச்சு அத்தை?"

"மூத்தவ அழுதுட்டிருந்தா."

"சிமென்ட் விளம்பரம் ஓடிச்சு அத்தை."

மாமியார் அசரவில்லை. "விளம்பரம் முடிஞ்சதும் அழுவா."

அவர் சிரித்துக்கொண்டே மறுபடி போட்டார். தொடரில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள், யாரும் பேசவில்லை. "இதுல யாரு அத்தை மூத்தவ?" என்று சும்மாதான் கேட்டார். மாமியார் முந்தானையைச் சரிசெய்தார். பிறகு, "பேசட்டும், சொல்றேன்" என்றார்.

காற்புள்ளிக்குச் சுருக்கென்றது. எதிரே உட்கார்ந்தார். "அத்தை, உங்களுக்கு முகம் தெரியலையா?"

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் இருந்தவ நான். குரல வெச்சே ஆளச் சொல்லிடுவேன். அதுல ஓட்டிட்டிருக்கேன். ரெண்டு வருஷமா எல்லாரும் மாவுல செஞ்ச மாதிரிதான் தெரியறாங்க. பொட்டி பெருசானா மூஞ்சியும் பெருசாயிடும்ல, அதான்..."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா கண்ணாடி போடச் சொல்வீங்க. கண்ணாடி போட்டா வயசாயிடுச்சும்பாங்க." மாமியாருக்கு வயது அறுபத்தெட்டு.

நுணுக்கி எழுதியதை எல்லாம் படித்துத் தள்ளுகிற தனக்கு, பக்கத்திலேயே இருந்த இது இரண்டு வருடமாகக் கண்ணில் படவில்லையே என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று. அன்று மாலையே மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் எப்படிம்மா சமாளிச்சீங்க?" என்றுதான் கேட்டார்.

இரண்டு நாளில் கண்ணாடி வந்தது. மாமியார் அதை மாட்டிக்கொண்டு முதலில் பார்த்தது டிவியை அல்ல, மாப்பிள்ளையை.

"மீசைக்குச் சாயம் அடிக்கறீங்களே, காதோரம் விட்டுட்டீங்களே மாப்பிள்ளை!"

மனைவி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பிறகு கூரை மூலையில் ஒட்டடை அகப்பட்டது. கடைசியில்தான் தொடரின் முறை வந்தது. "இவளா மூத்தவ? சின்னவளுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கா! இவளுக்காகவா இத்தனை நாள் நானும் சேந்து அழுதேன்?"

அன்றைக்கு வாரக் கணக்கைக் கூட்ட உட்கார்ந்தார்கள். மாமியாரின் தூக்கத்தைக் கழித்தால் நாலு மணி நேரம் தேறியது. மனைவிக்கு மொத்தம் நாற்பது நிமிடம். காற்புள்ளிக்கு ஒன்பது மணி நேரம் இருபது நிமிடம், எல்லாம் 'செய்தி'.

"செய்தியா?" என்றார் மாமியார். "சமையலறையில இருந்த எனக்கு 'ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்'னுல்ல கேட்டுச்சு?"

பழைய சாமான் ஏலம் போடுகிற நிகழ்ச்சி அது. காற்புள்ளி நோட்டை மூடப் பார்த்தார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாக்கறவரு வேணாங்கறாரு. ஆசைப்பட்ட அம்மாவுக்கு இப்ப இந்தப் பொட்டியே நல்லாத் தெரியுது. எனக்கு உக்கார நேரமில்ல. அப்புறம் யாருக்குங்க அம்பத்தஞ்சு இஞ்சு?"

மாதக் கடைசி நாளில் கடையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். போனை எடுத்தவர் மாமியார்.

"வேண்டாம்மா."

"காரணம் ஏதாவது சொல்லுங்களேன் மேடம், எழுதிக்கணும்."

"இங்க எல்லாருக்கும் இப்ப நல்லாக் கண்ணு தெரியுதுன்னு எழுதிக்கோம்மா. உனக்குச் சளி பிடிச்சிருக்கு போல, குரல் கம்முது. வெந்நி குடி."

"சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.